ஆயிரம் ரூபாயைக் குறை சொல்லும் முன்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என் பாடத்தை நாற்பது நிமிஷம் கேட்டவர்கள் நீங்கள். இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். படித்துவிட்டுத் திட்டுவதானாலும் திட்டுங்கள், படிக்காமல் கட்டைவிரல் மட்டும் போட வேண்டாம்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, ஒரு செய்தி போட்டிருந்தார். "மாசம் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பொம்பளைங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க. நூறு நாள் வேலையில மரத்தடியில உட்கார்ந்துட்டு வர்றாங்க. வயல் வேலைக்கு ஆளே இல்ல. இப்பல்லாம் ஆம்பளைங்களவிடப் பொம்பளைங்க கையிலதான் காசு." அதற்கு 17 பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். அதில் நான்கு பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். இரண்டு பேர் பெண்கள்.

அந்தக் குழுவில் நான் பதில் சொல்லவில்லை. அங்கே சொன்னால் சண்டையாகும், பிறகு யாராவது ஒருவர் பிள்ளையார் படம் போட்டுப் பேச்சை முடித்துவிடுவார். அதனால் இங்கே எழுதுகிறேன். தம்பி, உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன கணக்கு தப்பு. கணக்கு தப்பாக இருந்தால் டீச்சர் திருத்தத்தான் செய்வாள்.

முதலில் அந்த ஆயிரம் ரூபாய். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 30 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 33 ரூபாய் சொச்சம். நம் ஊர்க் கடையில் இரண்டு டீயும் ஒரு வடையும் சாப்பிடலாம். நாளைக்கு 33 ரூபாயில் ஒருத்தி சோம்பேறி ஆகிவிடுவாள் என்று சொல்கிறவர் ஒரு மாதம் அதில் சோம்பேறியாக இருந்து காட்டட்டும்.

அவள் அந்த 33 ரூபாய்க்கு என்ன செய்கிறாள் என்றும் பார்ப்போம். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம், மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று 2019-இலும் 2024-இலும் கணக்கெடுத்தது. சமையல், துணி, பாத்திரம், தண்ணீர் என்று சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள், 2024 கணக்குப்படி, ஒரு நாளில் சராசரியாக 289 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் 88 நிமிஷம். குழந்தை வளர்ப்பும் வயதானவர்களைப் பார்ப்பதும் இதில் சேராது, அது தனிக் கணக்கு.

289 நிமிஷத்தை 30-ஆல் பெருக்குங்கள். 8,670 நிமிஷம். மணியாக்கினால் 144 மணி 30 நிமிஷம். 1,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூட வரவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். இதைச் சம்பளம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இதை "சும்மா கொடுக்கிற காசு" என்று சொல்கிறவர்கள் இந்த 144 மணி நேரத்தை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பார்கள்?

அடுத்தது நூறு நாள் வேலை. 2005-இல் வந்த சட்டம். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் பெண்கள். ஏன் பெண்களே போகிறார்கள் என்று யோசித்தீர்களா? அங்கே ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று கிடையாது. தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் நாளுக்கு 319 ரூபாய், 2025-26-இல் 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். அளவு குறைந்தால் கூலியும் குறையும். மாதக்கணக்கில் பாக்கி நின்றதும் உண்டு. நூறு நாளும் முழுக்கூலி கிடைத்தாலும் வருஷத்துக்கு 33,600 ரூபாய், மாதத்துக்கு 2,800 ரூபாய். இதுதான் "பொம்பளைங்க கையில இருக்கிற காசு".

இனி வயலுக்கு வருவோம். இதில் நானும் குற்றவாளிதான், அதை மறைக்காமல் சொல்கிறேன்.

என் கணவருக்கு நான்கரை மா நிலம் உண்டு. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், எங்கள் மன்னார்குடிப் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர். சம்பா அறுத்ததும் உளுந்து. உளுந்துச் செடி பிடுங்க ஆண்களும் பெண்களும் சேர்ந்து வருவார்கள். ஒரே வயல், ஒரே வெயில், ஒரே செடி. ஒன்றாக இறங்கி ஒன்றாகக் கரையேறுவார்கள். கூலி கொடுக்கும் கணக்கு நோட்டு என் கையில். ஆணாள் 600, பெண்ணாள் 300. பல வருஷமாக நானே எழுதினேன், நானே எண்ணிக் கொடுத்தேன். அரசுப் பள்ளியில் ஆணுக்குச் சமமாகச் சம்பளம் வாங்கிய ஒரு டீச்சர், வீட்டு வாசலில் உட்கார்ந்து பெண்ணுக்குப் பாதிக் கூலி கொடுத்தாள். எனக்கு ஒரு நாளும் உறுத்தவில்லை. ஊர் வழக்கம் என்று இருந்துவிட்டேன்.

ஊர் வழக்கம் சட்டமாகாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று அரசியலமைப்பின் 39-ஆவது பிரிவு சொல்கிறது. 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. 2019-இல் அதை ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் சேர்த்தார்கள். ஒரே வேலைக்கு, அல்லது ஒரே தன்மையுள்ள வேலைக்கு, ஆண் பெண் என்று பார்த்துக் கூலியைப் பிரிக்கக் கூடாது. நான் படித்துக் கொடுத்த குடிமையியல் பாடம்தான் இது. ஆனால் இன்றும் மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் கிராமப்புற விவசாயக் கூலியை வெளியிடும்போது ஆண் கூலிக்கு ஒரு பத்தி, பெண் கூலிக்கு ஒரு பத்தி போட்டுத்தான் வெளியிடுகிறது. சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும் இரண்டு பத்தி தேவைப்படுகிறது.

"ஆம்பளை வேலை கஷ்டமான வேலை டீச்சர், அண்டை வெட்டுறதும் மருந்தடிக்கிறதும் பொம்பளைங்களால ஆகுமா?" என்று கேட்பீர்கள். கஷ்டம்தான், மறுக்கவில்லை. நீங்கள் ஒரு மா நடவு நட்டுப் பாருங்கள். காலை முதல் குனிந்த முதுகு நிமிராமல், சேற்றில் பின்னோக்கி நடந்து, வரிசை பிசகாமல். எது கஷ்டம் என்று யார் முடிவு செய்தது? இப்போது மேற்கு வங்கத்திலிருந்து ஆண்கள் வந்து நம் பக்கத்தில் நடவு நடுகிறார்கள். அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் கூலி பேசுகிறோம், தங்க இடம் காட்டுகிறோம். "நடவு பொம்பளை வேலை, லேசான வேலை, பாதிக் கூலிதான்" என்று அவர்களிடம் யாராவது சொன்னீர்களா? பெண் நட்டால் லேசு, ஆண் நட்டால் திறமை. வேலை மாறவில்லை, நடுகிற கைதான் மாறியது.

அறுவடைக் கதையும் அப்படித்தான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கதிர் அறுத்த பெண்கள் கூலியாக நெல் கொண்டுபோவார்கள். அது வீட்டுக்கு வரும், உலைக்குப் போகும். பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. மூன்று மா ஒரு மணி நேரத்தில் முடிகிறது. எனக்கும் அது வசதிதான். ஆனால் அதை ஓட்டுகிறவர்களில் ஒரு பெண்ணையாவது நான் இன்னும் பார்க்கவில்லை. வண்டி வாடகை ஆணிடம் போகிறது, நெல்லாக வந்த கூலி பெண்ணிடமிருந்து போய்விட்டது. யாரும் சதி செய்யவில்லை. ஆனால் நஷ்டம் யாருக்கு என்று யாரும் கேட்கவும் இல்லை.

"நெல்லு விலையே கட்டல, சமமா எங்கேருந்து கொடுக்கிறது?" இதுதான் கடைசிக் கேள்வியாக வரும். நியாயமான கேள்வி. நானும் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடந்தவள்தான், சிறு விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். விலை கட்டவில்லை என்று உரக்கடையில் பாதி விலைக்கு மூட்டை கேட்கிறோமா? டிராக்டர்காரரிடம் பாதி வாடகை கொடுக்கிறோமா? நம் நஷ்டத்தை யார் தலையில் இறக்க முடியுமோ அவர்கள் தலையில்தான் இறக்குகிறோம்.

கூலிக்காக ரத்தம் சிந்திய மண் இது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து மடிந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எனக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அடுத்த வருஷமே நியாயமான கூலிக்குச் சட்டம் வந்தது. அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு "கூலிக்கு ஆள் வரலை" என்று புலம்பும்போது, எந்தக் கூலிக்கு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி வயசுக் கணக்கு. இதைத்தான் நாம் பார்ப்பதே இல்லை.

எங்கள் தெருவில் ஒரே வயசுள்ள ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் என்னிடம் படித்தவர்கள், பேர் வேண்டாம். பதினெட்டு வயசில் பையன் ஐ.டி.ஐ. போனான். பெண் மேற்கே ஒரு நூல் மில்லுக்குப் போனாள். மூன்று வருஷம் விடுதியில் இருந்து வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அந்தத் தொகை வந்து நகையாக மாறி, இன்னொரு வீட்டுக்குப் போனது. இருபத்தைந்து வயசில் பையன் சிங்கப்பூர் போனான். அவளுக்கு அதே வயசில் இரண்டு பிள்ளைகள், வருமானம் சைபர். நாற்பதில் அவன் திரும்பி வந்து நிலம் வாங்கினான். அவள் பிள்ளைகள் ஓரளவு வளர்ந்ததும் நடவுக்கும் களைக்கும் போக ஆரம்பித்தாள். அவனுக்கு வயசு ஏற ஏறக் கையில் சொத்து ஏறியது. அவளுக்கு வயசு ஏற ஏற இடுப்பு வலிதான் ஏறியது. இருவரும் அறுபதைத் தொடும்போது அவனுக்குக் குத்தகை நெல் வரும். அவளுக்கு மனுப் போட்டால் முதியோர் உதவித்தொகை வரலாம்.

அவன் கெட்டவன் இல்லை. வெயிலில் கட்டடம் கட்டிச் சம்பாதித்தவன். நல்ல பையன், ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போக மாட்டான். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகளில், கணக்கில் அவள்தான் கெட்டிக்காரி. அதை அவனும் ஒத்துக்கொள்வான்.

முதியோர் உதவித்தொகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2023-இல் 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆக்கினார்கள். நாளுக்கு 40 ரூபாய். அதில் அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான். அந்த 200 ரூபாய் 2007-லிருந்து நகரவில்லை. அன்று தங்கம் என்ன விலை, இன்று என்ன விலை என்று நீங்களே பாருங்கள். பெண்கள் ஆண்களைவிட அதிக வயசு வாழ்கிறார்கள், தங்களைவிட மூத்தவரைக் கட்டிக்கொள்கிறார்கள். ஆகவே கடைசிக் காலத்தில் தனியாக நிற்பது பெரும்பாலும் அவர்கள்தான். எந்த வயசில் மிகவும் தேவையோ அந்த வயசில் கையில் ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு என்ன டீச்சர், பென்ஷன் வருது" என்பீர்கள். ஆமாம், வருகிறது. இடைநிலை ஆசிரியையாக 1986-இல் சேர்ந்து 2021-இல் ஓய்வு பெற்றேன். 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அது இல்லை என்று ஆனது. 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 5,200 ரூபாய், அதற்கு முதல் நாள் வரை சேர்ந்தவர்களுக்கு 8,370. அதே பயிற்சி, அதே வகுப்பு, அதே சாக்பீஸ். என் பக்கத்து மேஜையில் இருந்த பிள்ளை இதற்காகச் சென்னையில் தெருவில் உட்கார்ந்து போராடினாள். பிறந்த தேதியும் சேர்ந்த தேதியும் ஒருவர் வாழ்க்கையை எப்படி வெட்டுகிறது என்று அங்கே பார்த்தேன்.

அதே பள்ளியில் சத்துணவுச் சமையல் உதவியாளராக ஓர் அம்மா இருந்தார். உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். என்னோடு ஏறக்குறைய அதே காலம் வேலை செய்தார். காலையில் எனக்கு முன்னால் வருவார். அவர் ஓய்வு பெற்றபோது மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம். நான் வாங்கும் ஓய்வூதியத்துக்குப் பக்கத்தில் அதை எழுதிப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. 

கடைசியாக என் வீட்டுக் கதை. இதை எழுத வேண்டாம் என்று மூன்று நாள் தள்ளிப் போட்டேன்.

என் அக்காவுக்கு எழுபது வயசு. எட்டாம் வகுப்போடு நின்றார். நான் பயிற்சிப் பள்ளியில் படித்த இரண்டு வருஷமும் அக்கா அப்பாவோடு வயலில் நின்றார். எங்கள் நிலத்திலும் நட்டார், கூலிக்கும் போனார். என் விடுதிக் கட்டணத்தில் அந்தக் கூலியும் இருந்தது. அப்பா 1994-இல் தவறினார். மகளுக்குச் சொத்தில் பங்கில்லை என்று யாரும் நினைக்காதீர்கள். அப்பாவின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று 1956 சட்டமே சொன்னது. பூர்வீகச் சொத்திலும் திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-இல் உரிமை கொடுத்தது. 2005-இல் நாடு முழுவதும் மகள்களுக்கு வந்தது. ஆனால் காரியம் முடிந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒரு விடுதலைப் பத்திரம் வந்தது. "பொறந்த வீட்டு உறவு வேணுமில்ல?" என்றார் ஒரு பெரியவர். நான் கையெழுத்துப் போட்டேன், எனக்குச் சம்பளம் இருந்தது. நான் போட்டதைப் பார்த்து அக்காவும் போட்டார். அவருக்கு ஒன்றும் இல்லை.

பட்டா தம்பி பேரில் இருக்கிறது. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வங்கிக் கடன், பயிர் நிவாரணம், வருஷம் 6,000 ரூபாய் கிசான் பணம் எல்லாம். அந்த நிலத்தில் நட்ட அக்காவுக்கு மாதம் 1,200. போன பொங்கலுக்குப் பேத்திக்குச் சீர் வைக்க என்னிடம் தனியாகக் கூப்பிட்டு 500 ரூபாய் கேட்டார். "தை பொறந்ததும் தந்துடறேன்" என்றார். என்னைப் படிக்க வைத்தவர் என்னிடம் கடன் என்று சொல்லி வாங்கினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

என் உடன்பிறந்த தம்பிக்கு இங்கேயே சொல்கிறேன். நீ இதைப் படிப்பாய், கோபப்படாதே. அம்மாவைக் கடைசிவரை பார்த்தது நீதான், அதை மறக்கவில்லை. எனக்கு எதுவும் வேண்டாம். உன்னிடம் இருக்கும் ஆறு மாவில் இரண்டு மாவை அக்கா பேரில் எழுதிக் கொடு. பத்திரச் செலவு என்னுடையது. நான் முதலில் கையெழுத்துப் போட்டதால்தான் அக்கா போட்டார், அந்தத் தப்பு என்னுடையது. சரி செய்ய உன் உதவி வேண்டும்.

மற்றவர்களுக்கும் மூன்று வேண்டுகோள். நிலம் வைத்திருப்பவர்கள் ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுங்கள். ஒரே வீட்டில் மகனும் மகளும் இருந்தால், அடுத்த பத்திரத்தில் மகள் பேரையும் சேருங்கள். அம்மா உயிரோடு இருக்கும் பிள்ளைகள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், மாதம் ஒரு தொகையை அவர்கள் கணக்கிலேயே போடுங்கள். எதற்குச் செலவழித்தாய் என்று கேட்காதீர்கள்.

இந்த வருஷம் உளுந்து பிடுங்கினோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் 600 என்று எண்ணிக் கொடுத்தேன். ஓர் அம்மா வாசற்படி வரை போய்த் திரும்பி வந்து, "டீச்சர், தப்பா எண்ணிட்டீங்க" என்று 300 ரூபாயைத் திருப்பி நீட்டினார். சரியாகத்தான் எண்ணியிருக்கிறேன், இத்தனை வருஷமாக எண்ணியதுதான் தப்பு என்றேன். அவர் நம்பாமல் கொஞ்ச நேரம் நின்றார். மறுநாள் பக்கத்து வயல்காரர், "டீச்சர் ரேட்டைக் கெடுத்துட்டாங்க" என்று கடைத்தெருவில் சொன்னாராம்.

சொல்லட்டும். பாதிக் கூலி என்கிற அந்த ரேட் கெட்டுப்போக வேண்டியதுதான்.

கட்டைவிரல் போட்ட 17 பேரும் இதற்குப் பதில் எழுதுங்கள். தப்பு இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்